இரண்டு நாள், ஐந்நூறு ரூபாய்: குடும்ப வன்முறைத் தடுப்பு மாநாடு, ஒரு செவிலியரின் பார்வையில்

தேனிப் பக்கம் ஒரு வட்ட அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். குடும்ப வன்முறையையும் பாலியல் வன்கொடுமையையும் தடுப்பது குறித்துக் கடந்த நவம்பர் இறுதியில் மதுரையில் ஒரு கல்லூரி அரங்கில் இரண்டு நாள் மாநாடு நடந்தது. பதிவுக் கட்டணம் 500 ரூபாயை என் கையிலிருந்தே செலுத்திக் கலந்துகொண்டேன். அடுத்த முறை நாங்களும் போகலாமா என்று உடன் பணிபுரியும் செவிலியர்களும், கிராம சுகாதாரச் செவிலியர்களும், ஆசிரியைகள் இருவரும் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட்டுவிட்டு எழுதிவிடுவது நல்லது என்று முடிவு செய்தேன். நடத்தியவர்களின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன். அவர்கள் ஆண்டு முழுவதும் செய்கிற வேலையின் மீது எனக்கு மதிப்பும் இருக்கிறது.

இதுபோன்ற நிகழ்ச்சியை நான் எடைபோடும் முறையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீட்டில் குடியிருக்கும் பெண், உதடு கிழிந்து, இரவு பதினொரு மணிக்கு வந்து, "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்று சொல்வார். அவருக்குப் பின்னால் கணவர் நின்றுகொண்டிருப்பார். தையல் போட்டு, டி.டி. ஊசி போட்டு, ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் "தவறி விழுந்ததாகக் கூறுகிறார்" என்று எழுதி அனுப்பிவைப்பதே இத்தனை காலம் என் வேலையாக இருந்தது. மாநாட்டிலிருந்து திரும்பிய பிறகு அந்தப் பெண்ணிடம் நான் பேசுவதிலும், அந்தப் பதிவேட்டில் எழுதுவதிலும் ஏதாவது மாறியிருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல். மற்றபடி பேச்சு நன்றாக இருந்ததா, அரங்கில் குளிர்சாதனம் வேலை செய்ததா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

முதல் நாள் காலை 9.30 மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன்; குத்துவிளக்கு ஏற்றியபோது மணி 10.40. சிறப்பு விருந்தினர்கள் ஏழு பேருக்கும் பொன்னாடை போர்த்தி முடிய இன்னும் இருபது நிமிடம் ஆயிற்று. துவக்க விழாவில் மனத்தில் தங்கியது ஒரே ஒரு பேச்சு. நவம்பர் 25 ஏன் பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளாக ஆயிற்று என்பதை ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் ஐந்தே நிமிடத்தில் சொன்னார். டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹீயோவை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960-ஆம் ஆண்டு அந்த நாளில் கொல்லப்பட்டதையும், அவர்களை அடித்துக் கொன்றுவிட்டு வாகனத்தை மலைப்பாதையிலிருந்து தள்ளி விபத்துபோலக் காட்ட முயன்றதையும், ஐக்கிய நாடுகள் சபை 1999-இல் அந்த நாளை ஏற்றதையும் அவர் விவரித்தபோது, "விபத்துபோலக் காட்ட முயன்றார்கள்" என்ற இடத்தில் என் பக்கத்திலிருந்த செவிலியர் என் முழங்கையைத் தொட்டார். ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லித் தீக்காயத்தோடு வருபவர்களைப் பார்த்திருக்கும் எங்களுக்கு அந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்த புள்ளிவிவர அமர்வு முழுவதும் திரையில் காட்டிய ஆங்கில ஸ்லைடுகளோடு நடந்தது. பங்கேற்றவர்களில் பாதிப்பேர் அங்கன்வாடிப் பணியாளர்களும் மகளிர் சுயஉதவிக் குழுப் பொறுப்பாளர்களும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆயினும் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டேன். 2019–21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை ஒருமுறையேனும் அனுபவித்தவர்கள். நாடு முழுவதற்குமான விகிதம் 29-ஐ ஒட்டியது. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்பதாக நாம் சொல்லிக்கொள்ளும் மாநிலத்தின் எண் நாட்டின் சராசரியைவிட மேலே இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் எவரிடமும் உதவி கேட்டதில்லை, வாய் திறந்து சொன்னதுகூட இல்லை என்பது அதே கணக்கெடுப்பு நாடு முழுவதற்கும் தரும் இன்னொரு தகவல். சொல்லாதவர்களும் தையல் போட எங்களிடம் வருகிறார்கள் என்பதால், இந்த இரண்டாவது எண்ணைப் பற்றித்தான் அந்த ஒரு மணி நேரமும் பேசியிருக்க வேண்டும். பேச்சாளர் அதை ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டார்.

சட்ட அமர்வுக்காக மட்டுமே ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாம். அதில் பேசியவர் மதுரை நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். காகிதம் எதையும் பார்க்காமல், ஒவ்வொரு பிரிவையும் ஒரு வீட்டுக்குள் வைத்து விளக்கினார். 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடிப்படையில் உரிமையியல் நிவாரணம் தரும் சட்டம் என்பதையும், கணவரைச் சிறையில் தள்ளாமலேயே அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்ற உத்தரவுகளைக் குற்றவியல் நடுவரிடம் பெறலாம் என்பதையும், அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ வருகிறது என்பதையும் அவர் சொல்லக் கேட்டபோது, "போலீசுக்குப் போனா குடும்பம் போச்சு" என்று அஞ்சி என்னிடம் வாய் மூடிக்கொண்ட எத்தனை பேரிடம் இதை நான் சொல்லியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம் என்பதும் எனக்குப் புதிய செய்தி.

பொருளாதார வன்முறையும் அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவுக்குள் அடங்கும் என்று கூறி, மனைவியின் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்வது, நகையை அடகு வைப்பது, ஏ.டி.எம். அட்டையைத் திருப்பித் தராமல் இருப்பது என்று அவர் அடுக்கியபோது அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்து, எழுந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள் நிறைந்த அரங்கு அது.

மாமியார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகளுக்கு உரிமை உண்டா என்று ஓர் அங்கன்வாடிப் பணியாளர் கேட்டார். 2006-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய வீட்டை, மருமகள் குடியிருக்க உரிமை கோரக்கூடிய பகிர்ந்து வாழும் வீடாகக் கருத மறுத்ததையும், 2020-இல் அதே நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதையும் வழக்கறிஞர் விளக்கினார். "வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது, ஆனால் சட்டப்படியான வழியில் அல்லாமல் உங்களை அங்கிருந்து கிளப்ப முடியாது" என்ற அவருடைய ஒரு வரி விளக்கத்தைப் பலரும் எழுதிக்கொண்டார்கள். மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதையும், நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாவாக நீள்வதையும் அவர் மறைக்கவில்லை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தன் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு என்றாலும், புகாரோடு போகும் பெண்ணைச் சமாதானம் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் பழக்கமும் கூடவே இருக்கிறது, ஆகவே புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பது அவர் கொடுத்த எச்சரிக்கை.

எனக்கு மிகவும் தேவையான செய்தியை அவர் உணவு இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பு, எழுந்து நின்றபடி, ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்: வீட்டில் நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கையை மருத்துவமனையும் நிரப்பலாம். சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம். உணவு வரிசையில் அவரைத் தேடிப் பிடித்தேன். எலுமிச்சைச் சோறு இருந்த தட்டை இடக்கையில் ஏந்திக்கொண்டு, வலக்கையால் என் குறிப்பேட்டில் "விதி 17, படிவம் 1" என்று எழுதிக் கொடுத்தார். சட்டத்தோடு வந்த 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, அறிக்கை இல்லை என்ற காரணத்தைச் சொல்லி எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. அறிக்கை அதுவரை தயாரிக்கப்படவில்லை என்றால் மருத்துவமனைப் பொறுப்பாளரே படிவம் 1-ஐ நிரப்பி, இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். 14 ஆண்டுகளில் அந்தப் படிவத்தை நான் கண்ணால் கண்டதில்லை. அரங்கில் என்னோடு இருந்த செவிலியர்கள் சுமார் முப்பது பேரில், நான் கேட்ட பத்துப் பேரும் கண்டதில்லை. இரண்டு நாள் நிகழ்ச்சியில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்காததை மாநாட்டின் முதல் பெருங்குறையாகச் சொல்வேன்.

இரண்டாவது குறை சற்று வலியைத் தருவது. முதல் நாள் மாலை, வன்முறையிலிருந்து மீண்டு வந்த பெண்கள் மூவர் மேடையில் பேசினார்கள். அவர்களில் ஒருவர் தம் கதையை நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்த நேரம் பார்த்து, புகைப்படக்காரர் மேடையின் விளிம்புக்கே போய் ஃபிளாஷ் அடித்தார். அந்தப் பெண் தண்ணீர்ப் புட்டியை முகத்துக்கு நேராக அப்படியே பிடித்துக்கொண்டார். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம் என்று அன்று காலை அதே மேடையிலிருந்துதான் கேட்டோம். இவருடையது அந்தப் பிரிவுக்குள் வரும் வழக்கா இல்லையா என்று வாதாடுவதில் பயனில்லை. அவர் முகத்தை மறைத்துக்கொண்டது அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஒருங்கிணைப்பாளர் ஒருவர் ஓடிவந்து புகைப்படக்காரரை அழைத்துப் போனார், மறுநாள் காலை மேடையிலேயே வருத்தமும் தெரிவித்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பதிவின்போது கொடுத்த துணிப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல கனமான பருத்திப் பை. இருபுறமும் "குடும்ப வன்முறையை எதிர்ப்போம்" என்று சிவப்பில், தெருமுனையிலிருந்து படிக்கக்கூடிய அளவில் அச்சிட்டிருந்தார்கள். முதல் நாள் மாலை பேருந்துக்குக் கிளம்பும் முன், சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த ஒரு பெண் அந்தப் பைக்குள் இருந்ததை எல்லாம் நாற்காலியில் கொட்டி, பையை உள்வெளியாகத் திருப்பி, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "வீட்ல இத மாட்டுறதுக்கு ஆணி கெடையாதுக்கா" என்று சிரித்தார். அந்தப் பைக்குள்ளேயே இருந்த இன்னொரு பொருளை வடிவமைத்தவருக்கு அவருடைய நிலைமை தெரிந்திருக்கிறது. பார்ப்பதற்கு ஜவுளிக்கடையில் தரும் பாக்கெட் காலண்டர் போன்ற சிறு அட்டை அது. பின்பக்கம் எரிவாயு, மின்வாரியம், ஆம்புலன்ஸ் எண்களுக்கு நடுவில் 181 என்ற மகளிர் உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் தலைப்பே இல்லாமல் நிற்கின்றன. கைப்பேசி உறைக்குள் செருகினால் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். அந்த அட்டைகளில் மீந்திருந்ததைக் கேட்டு ஒரு கட்டு வாங்கி வந்தேன்.

ஆண்களோடு பணியாற்றுவது பற்றிய அமர்வை எங்கள் பயிலரங்கு நடந்த அதே நேரத்தில் வைத்திருந்ததால் அதைப் பற்றி எழுத முடியவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் இரண்டு பணிப்பெண்களும் ஏற்பாடு செய்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த நான்கைந்து பேர் இரண்டு நாளும் முழுதாக உட்கார முடிந்தது அதனால்தான்.

இரண்டாம் நாள் காலை மருத்துவத் துறையினருக்காக நடந்த பயிலரங்கை, மனநலச் சமூகப் பணியாளர் ஒருவர் நடத்தினார். உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்து படிகளை, கேட்டல், தேவையை அறிதல், நம்புதல், பாதுகாப்பைப் பெருக்குதல், உதவியோடு இணைத்தல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, உடனே எங்களை நடிக்கச் சொல்லிவிட்டார். நான் செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் காயத்தோடு வந்த பெண், மருந்தாளுநர் ஒருவர் கணவர். மனிதர் என்ன நடிப்பு நடித்தார்! அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்துக்கொண்டு, நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், "அவளுக்கு வெவரம் பத்தாது சிஸ்டர், நான் சொல்றேன்" என்று அவரே பதில் சொன்னார். வெளியே போங்கள் என்று நான் அதட்டியதும் பயிற்சியாளர் நிறுத்தினார். அந்த அதட்டலுக்கான அடி இரவு வீட்டில் அவளுக்கு விழும். எக்ஸ்ரே அறைக்கு நோயாளி மட்டும்தான் வர வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள் என்றார்.

தனியாக அழைத்துப் போனதும், "அடிச்சாராம்மா?" என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். "எதுக்கும்மா இத்தனை நாள் பொறுத்துக்கிட்டு இருந்தே?" என்று அடுத்துக் கேட்டேன், பயிற்சியாளர் மறுபடி நிறுத்தினார். எனக்குக் கோபம்கூட வந்தது, ஏனென்றால் நான் இரக்கத்தோடு கேட்ட கேள்வி அது. பொறுத்துக்கொண்டது உன் தவறு என்றுதான் அது அவள் காதில் விழும் என்று அவர் சொன்னபோது, நடித்துக்கொண்டிருந்த பெண் மெதுவாக, "ஆமா சிஸ்டர், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றார். பிறகு பயிற்சியாளர் கொடுத்த வாக்கியம் இது: "இந்த மாதிரி காயத்தோட வர்ற எல்லார்கிட்டயும் நாங்க கேக்குறதுதான். வீட்ல யாராச்சும் உங்கள அடிக்கிறாங்களா, பயமுறுத்துறாங்களா?" எல்லாரிடமும் கேட்பதுதான் என்பதிலேயே பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. இல்லை என்று சொன்னாலும் வற்புறுத்தாமல், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி அனுப்ப வேண்டுமாம்.

கழுத்தை நெரிப்பதைப் பற்றி அவர் தனியாக அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். நெரித்தபின் தோலில் தடமே இல்லாமல் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கச் சிரமம், கண்ணின் வெள்ளையில் செம்புள்ளிகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். கணவர் முன்பு கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவரால் அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2008-இல் கண்டது. அதில் பங்குபெற்ற ஜாக்குலின் கேம்பெல்தான் 1980-களில் அபாய மதிப்பீட்டு வினாப்பட்டியலை உருவாக்கியவர். அவரும் ஒரு செவிலியர் என்று கேட்டதில் எங்களுக்கெல்லாம் சற்றுப் பெருமை. அந்த வினாப்பட்டியலின் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்ற கேள்வியை அப்படியே வைத்திருந்தவர்கள், மண்ணெண்ணெயையும் பூச்சிமருந்தையும் சேர்க்க மறந்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கேட்க வேண்டியவை அவைதாம்.

பாலியல் வன்கொடுமை தொடர்பான மருத்துவ அமர்வுக்கு நாற்பது நிமிடமே கிடைத்தது. மாநாட்டின் பெயரில் பாதி இதுதான் என்பதை நினைத்தால் இது போதவே போதாது. அந்த நாற்பது நிமிடத்தையும் தடய அறிவியல் மருத்துவர் வீணாக்கவில்லை. பெண்ணுக்கு முன்பே உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013-இல் கண்டித்ததையும், 2022-இல் அதைச் செய்வது பணி ஒழுங்கீனம் என்றதையும் சொன்னார். 2014-ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளின்படி, காவல்துறையின் கடிதம் இல்லாமலேயே பரிசோதனை செய்யலாம், 96 மணி நேரம் வரை மாதிரிகள் எடுக்கலாம், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்றார். உடைகளைக் காயவைத்துக் காகித உறையில்தான் இட வேண்டும், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும் என்று ஒரு பழைய சுடிதாரை மடித்தும் காட்டினார். கணவரே கட்டாயப்படுத்தினால் என்ன என்று ஒரு பயிற்சிச் செவிலியர் தயங்கியபடி கேட்டார். மனைவிக்கு வயது 18-க்குக் குறையாதபோது குற்றவியல் சட்டம் அதை இன்னும் பாலியல் வன்புணர்வாக ஏற்கவில்லை, ஆனால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் வன்முறையையும் குடும்ப வன்முறையாகவே எண்ணுகிறது, ஆகவே அந்த வழியில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்று மருத்துவர் சொன்ன பதில், கேள்விக்குத் தக்க பதில்.

போகலாமா என்று கேட்டவர்களுக்கு: மருத்துவமனையில் இருப்பவர்கள் போகலாம், துவக்க விழாவைத் தவறவிட்டால் நட்டமில்லை, இரண்டாம் நாள் காலையைத் தவறவிடாதீர்கள். ஆசிரியைகளுக்கு இது அவ்வளவு பொருந்தாது; குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தையும், குழந்தை சொன்னதைத் தெரிவிக்காமல் விடுவதும் குற்றம் என்பதையும் பற்றிப் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை.

திரும்பி வந்த திங்கட்கிழமை, படிவம் 1-ஐப் பத்து நகல் எடுத்து டிரஸ்ஸிங் அறையின் இழுப்பறையில், கட்டுத்துணிச் சுருள்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். இதெல்லாம் நம் வேலையா என்று பணியிலிருந்த மருத்துவர் கேட்டார். என் குறிப்பேட்டில் வழக்கறிஞர் எழுதிய பக்கத்தைக் காட்டினேன். கைப்பேசியில் விதிகளைத் தேடி எடுத்து, பதினேழாம் விதியை இரண்டு முறை படித்துவிட்டு, பாதுகாப்பு அலுவலரின் எண் இருக்கிறதா என்றார். மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் பேசி வாங்கி, இழுப்பறையின் உள்பக்கத்தில், திறந்தால் மட்டுமே தெரியும்படி ஒட்டி வைத்திருக்கிறேன்.